விலாசத்துக்குப் பின்னால் யார்? கிரிப்டோ கண்காணிப்பைப் புரிந்துகொள்ள

2025ஆம் ஆண்டின் நடுவில் வருமான வரித்துறை பலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. நீங்கள் பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்றிருக்கிறீர்கள், வரிக் கணக்கில் அதற்கான அட்டவணையை நிரப்பவில்லை, சரிபார்த்துத் திருத்துங்கள் என்பது அதன் சாரம். அதைப் படிப்பவருக்கு வரி எவ்வளவு என்று யோசிப்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்துவிடும். இது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? கிரிப்டோ என்றாலே யார் கண்ணிலும் படாத பணம் என்றுதானே சொன்னார்கள்?

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. அரசே வரி வாங்குகிறது என்றால் அது சட்டம் ஏற்றுக்கொண்ட பணம்தானே? இல்லை. வரி போடுவதாலேயே அங்கீகாரம் கிடைத்ததாக ஆகாது என்று நிதியமைச்சர் 2022இல் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார். இந்தியாவில் கிரிப்டோ தடை செய்யப்படவும் இல்லை, செலாவணியாக ஏற்கப்படவும் இல்லை. வரி உண்டு, கண்காணிப்பு உண்டு, முழுமையான தனிச் சட்டம் மட்டும் கிடையாது.

இந்த நிலையைப் புரிந்துகொள்ளச் செட்டிநாட்டுப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. விலாசம், உண்டியல், பேரேடு ஆகிய மூன்று சொற்களும் இங்கே புழங்கியவை. கிரிப்டோவில் முக்கால்வாசி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

## பழைய விலாசம்

நகரத்தார் தொழிலில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் கிடையாது. தாத்தா, அப்பா பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்த கடைப்பெயர் அது. அந்த நாலைந்து எழுத்துகளைப் பார்த்ததும் எந்த ஊர், ஒன்பது கோயிலில் எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று உள்வட்டத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். வெளியாருக்கு அது வெறும் எழுத்து.

இந்த விலாசத்தை நம்பித்தான் உண்டியல் ஓடியது. ரங்கூனில் இருப்பவர் காரைக்குடியில் உள்ள தம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரங்கூன் கடையில் பணத்தைக் கட்டுவார். கடைக்காரர் இங்கே உள்ள இன்னொரு விலாசத்தின் பேரில் ஒரு தாள் எழுதிக் கொடுப்பார். பார்த்தவுடன் பணம் தர வேண்டியது தரிசன உண்டியல், கெடு வைத்தது தவணை உண்டியல். இங்கே தாளைக் காட்டினால் பணம் கைக்கு வரும். கடல் தாண்டி ஒரு காசும் நகர்ந்திருக்காது. இரண்டு கடைகளும் பேரேட்டில் பற்று வரவு எழுதி, நடப்பு வட்டி போட்டு, பிறகு நேர் செய்துகொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியது, தாளில் எதுவுமே மறைக்கப்படவில்லை என்பது. பெயர், தொகை, தேதி எல்லாம் இருந்தன. ஆனால் அதைப் பார்த்தவர்கள் கட்டியவர், எழுதியவர், கொடுத்தவர், வாங்கியவர் என்று நாலு பேர்தான். அந்த நாலு பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஏமாற்றினால் விலாசம் கெடும், விலாசம் கெட்டால் அடுத்த உண்டியல் செல்லாது, பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூடச் சிக்கலாகும். வெளியே முழு அந்தரங்கம், உள்ளே முழு வெளிச்சம். அந்த ஏற்பாடு இவ்வளவுதான். 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடங்களில் ஒரே நாளில் கதவு திறந்ததும் இந்தப் பழைய தடத்தின் மேல்தான்.

சரி, இதை ஒரே இனிப்பாகவும் சொல்லிவிடக் கூடாது. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் போகப் போக, 1930களின் கடைசியில் அது நாலில் ஒரு பங்கானது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்குப் பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. மேற்பார்வை இல்லாத அந்தரங்கம் யாரை அடிக்கும் என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது.

## புது விலாசம்

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் அல்லது சிலர் பிட்காயின் திட்டத்தை வெளியிட்டார்கள். 2009 ஜனவரி 3 அன்று அதன் கணக்கின் முதல் பகுதி (பிளாக்) பதிவானது. இதிலும் விலாசம் உண்டு. நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம் அது. அந்த விலாசத்தில் இருக்கும் காசை நகர்த்த ஒரு ரகசியச் சாவி வேண்டும். அந்தச் சாவியும் ஒரு நீண்ட எண்தான். அதை வைத்திருக்கும் இடத்துக்கு வாலட் என்று பெயர்.

பேரேடும் உண்டு. அதுதான் பிளாக்செயின். புதுக்கோட்டைப் பக்கம், கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு எழுதினார் என்று நோட்டில் ஏறிவிடும். அந்த நோட்டுக்கு ஆயிரக்கணக்கான நகல்கள் இருக்கின்றன, ஊரில் யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் புரட்டிப் பார்க்கலாம், ஒருமுறை எழுதிய வரியை யாராலும் அடிக்க முடியாது, ஆனால் எல்லாரும் சொந்தப் பெயருக்குப் பதிலாகப் பட்டப்பெயரில் எழுதுகிறார்கள் என்றால் எப்படி இருக்கும்? பிட்காயின் அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே 'கிரிப்டோ ரகசியமானது' என்ற பேச்சு பாதி தவறு. உண்டியலுக்கு இது நேர்மாறு. உண்டியலில் ஆள் தெரியும், கணக்கு வெளியே தெரியாது. பிட்காயினில் கணக்கு உலகத்துக்கே தெரியும், ஆள் தெரியாது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பரிவர்த்தனையில், இந்தப் பட்டப்பெயர் இன்னாருடையது என்று வெளிப்பட்டால் போதும். அதே விலாசத்தில் அதுவரை நடந்ததும் இனி நடப்பதும் மொத்தமாகத் திறந்துகொள்ளும்.

2016இல் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து, அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் இணையச் சந்தையிலிருந்து, 1,19,754 பிட்காயின்கள் திருடு போயின. திருடியவர்கள் அவற்றை எத்தனையோ விலாசங்களுக்குப் பிரித்து அலைக்கழித்தார்கள். நோட்டில் ஒரு வரியும் அழியவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் அவற்றில் 94,000க்கும் மேற்பட்டவற்றைக் கைப்பற்றினார்கள். வீட்டில் கட்டுக்கட்டாகப் பதுக்கிய ரொக்கமாக இருந்திருந்தால் ஆறு வருடம் கழித்து இப்படிப் பின்தொடர முடிந்திருக்காது.

## பெயரும் விலாசமும் முடிச்சு விழும் இடம்

முடிச்சு விழுவது எக்ஸ்சேஞ்சில். ரூபாயைக் கொடுத்துக் கிரிப்டோ வாங்கும் கடை அது. உள்ளே நுழையப் பான், ஆதார், முகப்படம், வங்கிக் கணக்கு என்று எல்லாம் கேட்பார்கள். 'உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள்' என்ற விதி, சுருக்கமாக கேஒய்சி. இந்தியாவில் இது இறுகிய வரிசை:

1. 2018 ஏப்ரல் 6: கிரிப்டோ தொழிலுக்கு எந்தச் சேவையும் தரக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. தடை என்று சொல்லாத தடை.

2. 2020 மார்ச் 4: உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லவில்லை. வங்கிகளுக்கு இதனால் ஏற்பட்ட சேதத்தைக் காட்டாமல் இவ்வளவு கடுமையான நடவடிக்கை எடுத்தது அளவுக்கு மீறியது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன்.

3. 2022 ஏப்ரல் 1: லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொரு நாணயத்தின் லாபத்தில்கூட ஈடுகட்ட முடியாது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ், அதாவது பணம் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்ளும் வரி.

4. 2023 மார்ச் 7: கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்குள், அதாவது பிஎம்எல்ஏவுக்குள், எக்ஸ்சேஞ்சுகள் கொண்டுவரப்பட்டன. மாற்றுவது, அனுப்புவது, பாதுகாத்து வைப்பது உள்ளிட்ட ஐந்து வகைச் சேவை தருபவர்கள் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிய வேண்டும். சந்தேகமான பரிவர்த்தனையைத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தது வாடிக்கையாளருக்குத் தெரியக் கூடாது.

5. 2023 டிசம்பர்: பதியாமல் நடந்த ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ். 2024 ஜூனில் அவற்றில் ஒன்றான பைனான்ஸ் (Binance) எக்ஸ்சேஞ்சுக்கு 18.82 கோடி ரூபாய் அபராதம்.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாதது அந்த 1 சதவீதம். ஒருவர் 1,00,000 ரூபாய்க்குக் கிரிப்டோ விற்கிறார். எக்ஸ்சேஞ்ச் 1,000 ரூபாயைப் பிடித்து அவருடைய பான் எண்ணில் கட்டிவிடுகிறது. லாபமோ நஷ்டமோ, பிடித்தம் உண்டு. அது வருமான வரித்துறை அவர் பேரில் வைத்திருக்கும் வரிப் பிடித்தப் பட்டியலில் ஏறிவிடும். கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. யாரும் பிளாக்செயினை உடைத்துப் பார்க்கவில்லை. 1,000 ரூபாயோடு பெயரும் சேர்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

என் பார்வையில் இந்த டிடிஎஸ்ஸின் நோக்கம் வருவாய் கிடையாது, தடம். தடம்தான் வேண்டும் என்றால் 0.01 சதவீதம் பிடித்தாலும் அதே பெயர், அதே பான், அதே தேதி கிடைக்கும். தொழில்துறையும் அதைத்தான் கேட்டது. அடிக்கடி வாங்கி விற்பவரின் மூலதனத்தை 1 சதவீதம் அரித்துவிடும். அப்புறம் அவர் பதிவில்லாத வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கோ நேரடிக் கைமாற்றுக்கோ போவார். பார்க்க வேண்டும் என்று போட்ட விதியே பார்வைக்கு வெளியே தள்ளுகிறது.

## உண்டியலுக்கு என்ன நடந்தது

இப்படி ஒரு சட்டம் நமக்குப் புதிதில்லை. உண்டியல் அதே பாதையில்தான் போனது.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் முதல் பிரிவிலேயே, இந்திய மொழிகளில் எழுதும் ஆவணங்களுக்கான உள்ளூர் வழக்கத்தைத் தொட மாட்டேன் என்று ஒதுங்கியது. வெள்ளைக்கார அரசு உண்டியலை அதன் போக்கில் விட்டது. பின்னாளில் கணக்கில் வராத சொந்தப் பணத்தையே 'உண்டியலில் வாங்கிய கடன்' என்று எழுதி வெள்ளையாக்கும் வேலை பெருகியது. அதைத் தடுக்க 1961 வருமான வரிச் சட்டத்தில் 69டி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உண்டியலில் வாங்கிய கடனோ திருப்பிக் கொடுத்த தொகையோ, கணக்கில் செலுத்தும்படி கோடிட்ட காசோலை வழியாகப் போகவில்லை என்றால், அந்தத் தொகை அவருடைய வருமானமாகவே கருதப்படும். கடன் வாங்கினாலும் வருமானம், திருப்பிக் கொடுத்தாலும் வருமானம்!

சட்டம் உண்டியலைத் தடை செய்யவில்லை. வங்கிக் கதவு வழியாக வா என்றது. கிரிப்டோவுக்கும் இன்று சொல்லப்படுவது அதே வார்த்தைதான். விளைவும் தெரிந்ததே. 'உண்டியல்' என்ற சொல்லுக்கு இன்று எஞ்சியிருப்பது இரண்டு பொருள்: கோயிலில் காசு போடும் பெட்டி, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாக வரும் பணம். நாணயமாகத் தொழில் செய்தவர்கள் வங்கிக்குப் போய்விட்டார்கள், பழைய வழியில் மிஞ்சியவர்கள் ஒளிய வேண்டியவர்கள் மட்டும்.

## அரசு சொல்லும் நியாயம்

அந்த நியாயம் வலுவானது, தட்டிக்கழிக்கக் கூடாது. 1989இல் தொடங்கிய எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பு கருப்புப் பணத் தடுப்புக்கான தரங்களை வகுக்கிறது. இந்தியா 2010இல் உறுப்பினரானது. 2019 ஜூனில் அது வங்கிகளுக்கு இருந்த 'டிராவல் ரூல்' விதியைக் கிரிப்டோவுக்கும் நீட்டியது. ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போனால் அனுப்புபவர், பெறுபவர் விவரமும் கூடவே போக வேண்டும். பழைய உண்டியல் தாளிலும் இந்த விவரம் இருந்தது. பார்ப்பவர் எண்ணிக்கைதான் மாறியிருக்கிறது.

சாதாரண ஆளை எது தொடுகிறது என்று பார்த்தால் கைமாற்று விவகாரம்தான். டாலருக்கு நிகராக மதிப்பு வைத்த டெதர் நாணயத்தை ஒருவர் முகம் தெரியாத இன்னொருவருக்கு விற்கிறார். யுபிஐயில் 50,000 ரூபாய் வந்து சேர்கிறது. அந்தப் பணம் வேறு மாநிலத்தில் ஒரு முதியவரை போலி போலீஸ் அழைப்பில் மிரட்டிப் பறித்ததாக இருக்கலாம். முதியவர் வீட்டில் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு அழைத்துச் சொல்கிறார்கள். காவல்துறை ஒவ்வொரு வங்கியாகப் பணத்தின் பின்னால் வந்து கடைசியில் விற்றவரின் கணக்கை முடக்குகிறது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 102ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 106. விற்றவர் திருடன் இல்லை, முதியவரின் பணம் அவரிடம் வந்ததும் பொய்யில்லை. இந்த வழக்கில் கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்பவர் அந்த முதியவர் வீட்டில் போய் அதைச் சொல்ல முடியாது. கணக்கு முடங்கியவர் முன்பின் தெரியாத மாநிலத்துக் காவல் நிலையத்துக்கு அலைவதையும் நியாயம் என்று சொல்ல முடியாது.

தடம் தெரிந்தால் பணம் திரும்பிவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ போனது. செய்தது வட கொரியா என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சில நாள்களிலேயே சொல்லிவிட்டது. சொன்னதால் பணம் வந்துவிடவில்லை.

## துண்டுக்கு அடியில் விரல்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்திக் கையைப் பிடித்து விரலாலேயே விலை பேசுவார்கள். வியாபாரம் நடக்கிறது என்பது சந்தைக்கே தெரியும், விலை இரண்டு கைக்கு மட்டும் தெரியும். கிரிப்டோவில் இந்தத் துண்டைப் போடும் கருவிகள் உண்டு. 2014இல் வந்த மொனேரோவில் அனுப்பியவர் ஒரு கூட்டத்தில் ஒருவராகக் கலந்துவிடுவார், தொகையும் தெரியாது. 2016இல் வந்த இசட்கேஷ், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலேயே கணக்குச் சரி என்று நிரூபிக்கும் கணிதத்தைப் பயன்படுத்துகிறது. டொர்னேடோ கேஷ் என்பது பலர் போட்ட காசைக் கலக்கி எடுக்கும் நிரல். இதற்கு மிக்சர் என்று பெயர்.

டொர்னேடோ கேஷ் கதை இந்த இழுபறியின் சுருக்கம். வட கொரியத் திருடர்கள் பயன்படுத்தினார்கள் என்று 2022 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்கக் கருவூலம் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆளையோ நிறுவனத்தையோ சேர்ப்பது வழக்கம், இங்கே நிரலையே சேர்த்தார்கள். யாராலும் மாற்ற முடியாத, யாருக்கும் சொந்தமில்லாத நிரலைச் 'சொத்து' என்று சொல்லித் தடை செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆனால் எழுதியவர்களை விடவில்லை. நெதர்லாந்தில் ஒருவருக்கு 2024இல் 64 மாதச் சிறை. இன்னொருவரை 2025 ஆகஸ்டில் நியூயார்க் ஜூரி ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது, மற்ற இரண்டில் முடிவுக்கு வர முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் தர்க்கத்துக்குள் போகாமல் கதவை அடைத்துவிட்டது. 2027 ஜூலை முதல் அங்கே எக்ஸ்சேஞ்சுகள் பெயரில்லாக் கணக்கையோ மொனேரோ போன்ற நாணயத்தையோ கையாளக் கூடாது.

துண்டைப் போர்த்துபவர் எல்லாரும் திருட்டு மாடு விற்பவர் என்று சந்தையில் யாரும் சொல்வதில்லை. நோட்டு முழுக்கத் திறந்து கிடக்கும் இடத்தில் துண்டு கூடுதல் தேவை. சம்பளத்தைப் பிட்காயினில் வாங்கும் ஒருவர் டீக்கடையில் அதே விலாசத்திலிருந்து பணம் கொடுத்தால், அவருடைய மொத்த இருப்பும் டீக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். பெட்டகத்தில் என்ன நகை இருக்கிறது என்று வாய் திறக்காத ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் பிரான்சில் ஒரு கிரிப்டோ வாலட் நிறுவனத்தின் இணை நிறுவனரைக் கடத்தி, பணம் கேட்டு அவர் விரலை வெட்டினார்கள்.

## நீதிமன்றங்கள் போட்ட கோடு

வங்கியிடம் கொடுத்த விவரம் யாருடையது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் மில்லர் வழக்கில், வங்கியிடம் கொடுத்த பின் அதில் உங்களுக்கு அந்தரங்க உரிமை இல்லை என்றது. நம் உச்ச நீதிமன்றம் 2004இல் கனரா வங்கி வழக்கில் இதை ஏற்க மறுத்தது. ஆந்திரத்தில் முத்திரைத்தாள் சட்டத்தைத் திருத்தி, ஆட்சியர் அனுப்பும் யாரும் வங்கியில் உள்ள ஆவணங்களைச் சோதிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். அந்தத் திருத்தம் செல்லாது என்றான தீர்ப்பு அது. அந்தரங்கம் ஆளைச் சேர்ந்தது, இடத்தைச் சேர்ந்ததல்ல. தாள் வங்கியில் இருப்பதால் உரிமை போய்விடாது.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும், நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஆதார் தீர்ப்பில், எல்லா வங்கிக் கணக்கையும் ஆதாரோடு இணைக்க வேண்டும் என்ற பிஎம்எல்ஏ விதியை இந்த அளவுகோலால்தான் தள்ளினார்கள். கருப்புப் பணத்தைத் தடுக்க வேண்டும் என்பதற்காகக் கணக்கு வைத்திருக்கும் எல்லாரையும் சந்தேகப் பட்டியலில் வைக்க முடியாது என்பது அதன் உள்ளடக்கம்.

நமக்குக் கிட்டத்தில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோ ஒரு சொத்து என்றார். வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள வேறு நாணயங்கள் திருடு போயின. ஒருவர் அங்கே வைத்திருந்த 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்களும் அதோடு முடங்கின. அவருடைய நாணயம் திருடு போகவே இல்லை, எல்லாருடைய நஷ்டத்தையும் அவர் தலையில் பங்கு போட முடியாது என்பது அந்த உத்தரவின் போக்கு. சொத்து என்றானால் சட்டத்தின் வழியே தவிர யாரும் அதைப் பறிக்க முடியாது என்ற அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவும் துணைக்கு வரும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எக்ஸ்சேஞ்சு வாசலில் அடையாளம் கேட்பது தேறிவிடும் என்றே நினைக்கிறேன். துண்டு போடும் கருவிகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்வது தேறாது. நடுவில் இருப்பது சோதனை அதிகாரம். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில், சோதனைக்கு வரும் அதிகாரி மின்னஞ்சல், இணையக் கணக்குகள் போன்றவற்றின் கடவுச்சொல்லையும் தாண்டிப் போகலாம். உத்தரவு போடுவது துறையின் மேலதிகாரி, நீதிபதி அல்ல. இரும்புப் பெட்டியை உடைப்பதும் செல்போனைத் திறப்பதும் ஒன்று என்று இந்தச் சட்டம் எண்ணுகிறது. பெட்டியில் இருந்தது பணமும் பத்திரமும், போனில் இருப்பது மொத்த வாழ்க்கையும்.

## முடிச்சைக் காப்பவர் யார்

பெயரையும் விலாசத்தையும் சேர்த்துக் கட்டிய பட்டியல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. அரசு மட்டும்தான் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுவது போதாது. 2025 மே மாதம் காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச் ஒரு தகவலை வெளியிட்டது. வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து, 69,461 பேரின் பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டைப் படம் எல்லாம் எடுக்கப்பட்டிருந்தன. கிரிப்டோ வைத்திருப்பவர்களின் வீட்டு முகவரிப் பட்டியல் திருடர் கையில். சட்டம் சேகரிக்கச் சொன்ன விவரம் அது.

இந்தியாவில் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதற்கானது. ஆனால் மத்திய அரசு அறிவிக்கும் தன் அமைப்புகளுக்கு முழு விலக்குத் தர 17ஆவது பிரிவில் இடம் வைத்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடம் சோதித்துவரும் இ-ரூபாயில், சிறு தொகைகளுக்கு ரொக்கம் போல ஓரளவு பெயர் தெரியாமை இருக்கும் என்று கருத்துத் தாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஓரளவு எவ்வளவு என்பதைச் சட்டத்தில் எழுதி வைத்தால்தான் அது உரிமை, இல்லாவிட்டால் சலுகை.

இன்னொரு கணக்கு பொருந்தாமல் இருக்கிறது. பரிவர்த்தனைப் பதிவை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது பிஎம்எல்ஏ. வங்கிக் கணக்குக்காக எழுதிய வரம்பு அது. வங்கிப் பதிவு ஒருநாள் கழியும். பிளாக்செயின் கழியாது. 2019இல் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிப் பார்த்த ஒருவரின் விலாசத்தோடு 2026இல் பெயர் முடிச்சுப் போடப்பட்டால், 2040இல் அந்த முடிச்சை வைத்திருப்பவர் அந்த விலாசத்தின் முழு வரலாற்றையும் வாசிக்கலாம். ஆகவே அழிக்க வேண்டியது பேரேட்டை அல்ல, பெயரையும் விலாசத்தையும் சேர்க்கும் அந்தப் பட்டியலை. அதற்கென்று தனி வரம்பை நம் சட்டம் இன்னும் வைக்கவில்லை.

அந்தப் பட்டியல் இனி நாடு விட்டு நாடும் போகும். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு, கிரிப்டோ கணக்கு விவரங்களை நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள சிஏஆர்எஃப் என்ற ஏற்பாட்டை வகுத்திருக்கிறது. இந்தியாவும் அதில் சேர முன்வந்திருக்கிறது. 2027இல் தொடங்குவது திட்டம். சிங்கப்பூர் 2028 என்று சொல்லியிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தபின், காரைக்குடியில் இருந்துகொண்டு சிங்கப்பூர் எக்ஸ்சேஞ்சில் கணக்கு வைத்திருப்பவரின் விவரம், யாரும் சந்தேகப்பட்டுக் கேட்காமலேயே, வருடம் ஒருமுறை வருமான வரித்துறைக்கு வந்து சேரும்.